சுண்ணாம்புப் பொட்டு வைத்த பானை

1

இந்தக் கதை ஒரு வெறும் போத்தலிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு எங்கிருந்தோ வந்ததாக நீங்கள் கண்டுபிடித்து என்னைப் பிடிக்கக் கூடாது.

ஆசிரிய கலாசாலையில் எங்களுக்கு உளநூல் படிப்பித்தவர் ஒருநாள் வகுப்புக்குள் ஒரு போத்தலோடு வந்தார். உள்ளே கடுமையான மணமுள்ள ஒரு தைலம் இருப்பதாகவும், அந்த மணம் எவ்வளவு வேகமாக அறைக்குள் பரவுகிறது என்று பார்க்கப் போவதாகவும் சொன்னார். முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு மூடியைத் திறந்து, ஒரு பஞ்சுத் துண்டில் ஊற்றினார். மணம் வந்தவர்கள் கையைத் தூக்க வேண்டும். முன்வாங்கில் இருந்தவர்கள் முதலில் தூக்கினார்கள். பிறகு நடுவாங்கு. நான் கடைசி வாங்கில் சன்னலோரம் இருந்தேன். எனக்கும் வந்தது. கற்பூரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் இடையில் ஒரு மணம். தூக்கினேன். என் பக்கத்தில் இருந்தவர் தலையிடிக்கிறது என்று எழும்பி வெளியே போய்விட்டார்.

போத்தலுக்குள் இருந்தது தண்ணீர்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் நான் பொய் சொல்லிக் கை தூக்கவில்லை. எனக்கு மணத்தது. இன்றைக்கும் அந்த மணத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. இல்லாத ஒன்றை மணந்த மூக்கை வைத்துக்கொண்டு ஒருவன் இனி எதை நம்பி

(இந்த வசனத்தை முடிக்கவில்லை. முடித்தால் கட்டுரையாகிவிடும்.)

படிப்பு முடிய விசுவமடுப் பக்கம் கொலனி என்று சொல்கிற ஒரு குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. எந்தத் திட்டம் என்று எழுதவில்லை. அங்குள்ளவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அங்கே பலகை அடித்து மூடிய ஒரு கிணற்றைக் கண்டேன். வறண்ட பூமியில் தண்ணீருள்ள கிணற்றை ஆர் மூடுவார்கள் என்று கேட்டேன். கேட்ட இடமெல்லாம் கதை கிடைத்தது. கிடைத்த விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் கேள்வியை முடிக்கும் முன்பே எல்லாரிடமும் பதில் இருந்தது.

2

முதல் தொடக்கம்:

"ஐம்பத்தாறாம் ஆண்டு, மாரி ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில், கிணற்றுத் தண்ணீர் திடீரென்று கசந்தது."

வெட்டிவிட்டேன். தண்ணீர் கசந்தது என்று எனக்கு என்ன நிச்சயம்?

இரண்டாம் தொடக்கம்: "நாகேஸ்வரிக்குக் கிணற்றுத் தண்ணீர் கசந்தது."

இது பரவாயில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் நாகேஸ்வரியின் நாக்கில்தான் பிழை என்று நான் குறிப்புக் காட்டுவதாக நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். கதை வாசிக்கிறவர்கள் சந்தேகக்காரர்கள். நீங்கள் மட்டுமல்ல, நானும்.

மூன்றாம் தொடக்கம்: "கிணற்றுத் தண்ணீர் கசக்கிறது என்று நாகேஸ்வரி சொன்னாள்."

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். இதிலிருந்து போகிறேன். (கதைக்குள் 'அவள்' என்று எழுதுகிறேன். நேரில் கண்டால் மரியாதையாக 'அவா' என்றுதான் சொல்வேன்.)

3

அந்தக் கிணற்றில் ஐந்து குடும்பங்கள் தண்ணீர் அள்ளின. எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். ஆனால் வேறு வேறு ஊர். ஊரில் இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டிருக்கவே மாட்டார்கள். இங்கே வேலிக்கு வேலி அயல்.

நாகேஸ்வரியின் கணவர் வீரகத்தி. புலோலிக்காரர். கொலனி விவசாயிகளின் கமக்காரர் சங்கத்துக்குத் தலைவர். அவர் கதைக்கத் தொடங்கினால் மற்றவர்கள் நிற்பாட்டிவிடுவார்கள். நாகேஸ்வரி அதிகம் பேசமாட்டாள். இந்த மண்ணுக்கு வந்தபிறகு இரண்டு தடவை கருத்தங்கி இரண்டும் கலைந்துபோனவள்.

அடுத்த காணி தவராசாவுடையது. அளவெட்டியில் பிறந்து, தச்சு வேலைக்கு முல்லைத்தீவுக்குப் போனவர். அங்கே வள்ளம் கட்டுகிற இடத்தில் புனிதமலரைக் கண்டார். மாதா கோயிலில் தாலி கட்டினார். காணி கிடைத்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் வந்தார். கடலையே பார்த்து வளர்ந்தவள் மரங்களுக்கு நடுவே வந்து சேர்ந்தாள். கொலனியில் அவள் ஒருத்திதான் வேதக்காரி. கிழமைக்கொருக்கால் அவளுடைய தமையன் வஸ்ஸில் மீன் கொடுத்து விடுவார்.

தண்ணீர் கசப்பதற்குச் சில நாட்களுக்கு முன் கிணற்றடியில் ஒரு பேச்சு நடந்தது. இதில் ஆருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"மீன் கழுவின வாளியைக் கிணத்துக்கை விடாதை, பிள்ளை," என்றாள் நாகேஸ்வரி.

"வாளியை வடிவாக் கழுவிப்போட்டுத்தான் விட்டனான், அக்கா."

"கழுவினாலும் வெடுக்கு மணக்குது."

"எனக்கு மணக்கேல்லையே."

"உனக்கு எப்பிடி மணக்கும்? அதுக்கையே வளந்தனி."

அதற்குப் புனிதமலர் சொன்னது: "சரி அக்கா. உங்கட கிணறு நல்லா இருக்கட்டும்."

இந்தக் கடைசி வசனத்தை எனக்கு இரண்டு பேரும் சொல்லிக் காட்டினார்கள். நாகேஸ்வரி சொன்னபோது உதடு ஒருபக்கம் கோணியது. அது ஒரு சாபம். புனிதமலர் சொன்னபோது அது களைத்துப்போன ஒருத்தி வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பேச்சு. சொற்களில் ஓர் எழுத்துக்கூட வேறுபடவில்லை. எழுத்தில் குரல் இல்லை என்பது எனக்கு இப்போது பெரிய வசதி. இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கலாம். ஆனால் நீங்கள் அதை வாசித்தபோது ஏதோ ஒரு குரலில்தான் கேட்டிருப்பீர்கள். எந்தக் குரல் என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள். அந்தக் குரலை உங்களுக்குத் தந்தது ஆர்?

4

ஒருநாள் காலையில் நாகேஸ்வரி தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள். கசக்குது என்றாள். வீரகத்தி தன்னுடையதைக் குடித்துப் பார்த்துவிட்டு, "உனக்கு வாய்க்கசப்பு, காய்ச்சல் வரப்போகுது," என்றாராம். இதை எனக்குச் சொன்னவர் கொலனி வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் யோகநாதன்; அன்று காலை அவர் அங்கே ஏதோ அலுவலாகப் போயிருந்தார். வீரகத்தியிடம் கேட்டேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லையாம். முதல் மிடறிலேயே தனக்கும் கசந்ததாம்.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. நானும் ஒருநாள் கை தூக்கியவன்தான்.

மத்தியானம் ஆகமுன் ஐந்து வீட்டில் நாலு வீட்டுக்குக் கசந்தது. ஒருவருக்கு வயிற்றைப் பிரட்டியது. ஒருவர் சத்தி எடுத்தார். ஒரு வீட்டு மாடு வாளிக்குள் வாயை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டது. தாகமில்லாத மாடும் அப்படித்தான் செய்யும் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை.

கொலனிக்கும் காட்டுக்கும் இடையில் எட்டி மரங்கள் நின்றன. எட்டிக்கொட்டை எவ்வளவு கசப்பு, எவ்வளவு நஞ்சு என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். நாய்க்கு விசர் பிடித்தால் கொல்லுவதற்கு அதை அரைத்துத்தான் கொடுப்பார்கள். பின்னேரமாகும்போது ஒரு கதை எழும்பியிருந்தது: 'கடற்கரைச் சனத்துக்கு மீன் மயக்கிற காய், கொட்டை எல்லாம் தெரியும்.' இதை முதலில் சொன்னது ஆர் என்று நான் நாலு வீட்டிலும் கேட்டேன். சொன்னவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் கேட்டவர்கள்.

தவராசாவுக்கு ஒன்றும் கசக்கவில்லை. புனிதமலருக்குக் கசந்தது. அன்றைக்கே அதைத் தவராசாவிடம் சொன்னதாகவும், "நீ உதை வெளியிலை சொல்லிப்போடாதை," என்று அவர் வாயை அடைத்ததாகவும் அவள் என்னிடம் சொன்னாள். தவராசாவுக்கு அது ஞாபகமில்லை.

5

இனி வருவது யோகநாதன் சொன்னது. அவரைப் பற்றி என் சந்தேகம் ஒன்றுதான்: அவர் கதை சொல்வதில் கெட்டிக்காரர். கெட்டிக்காரர்கள் சொல்லும்போது நடக்காததும் ஒழுங்காக நடந்துவிடும்.

"சனம் கசப்பைக் காதாலை குடிச்சிட்டுது, மாஸ்டர்," என்றார். "எனக்குத் தெரியும். நானும் அந்தத் தண்ணியைக் குடிச்சனான். ஒண்டுமில்லை. ஆனால் சொன்னால் கேக்க மாட்டினம். அந்தப் பிள்ளையின்ரை வீட்டை ஆரும் கொளுத்தினாலும் கொளுத்துவினம் எண்ட நிலைமை. அப்பதான் இந்த யோசினை வந்தது."

புதுப் பானை மூன்று எடுப்பித்தார். ஒன்றின் வயிற்றில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, தானே கிணற்றில் அள்ளி அந்தப் பொட்டு வைத்த பானையை நிரப்பினார். மற்ற இரண்டையும் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினார். பிறகு, வடித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி மூன்றையும் தான் கணக்கு எழுதுகிற கந்தோர் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தண்ணீரை மாற்றினார். சந்தேகப்பட்ட கிணற்றுத் தண்ணீர் பொட்டில்லாத ஒரு பானைக்குள் போனது. பொட்டு வைத்த பானைக்குள் பள்ளிக்கூடத் தண்ணீர் வந்தது. மூன்றையும் வெளியே கொண்டுவந்து பாலை மரத்துக்குக் கீழே ஒரு வாங்குப் பலகையில் வைத்தார். கிணற்றுத் தண்ணீர் உள்ள பானை நடுவில்.

"ஒவ்வொருத்தராக் குடிச்சுப் பாத்து எது கசக்குது எண்டு சொல்லுங்கோ," என்றார்.

முதலில் வீரகத்தி. பொட்டு வைத்த பானையில் ஒரு மிடறு. முகம் சுருங்கியது. துப்பினார். "இதுதான்."

அடுத்தது நாகேஸ்வரி. மூன்றையும் குடித்தாள். கொஞ்சநேரம் பேசாமல் நின்றாள். பிறகு பொட்டு வைத்த பானையைக் காட்டினாள்.

மற்றவர்களும் அதையே காட்டினார்கள். ஒருவருக்கு நாக்கு விறைத்தது. தவராசா மட்டும், "எனக்கெண்டால் மூண்டும் ஒண்டுதான், ஓவசியர்," என்றார்.

யோகநாதன் அத்தோடு நிற்பாட்ட இருந்தார். பானையை மாற்றிய கதையைச் சொன்னால் சனம் வெட்கப்பட்டுக் கலைந்துபோகும், விசயம் முடிந்துவிடும். ஆனால் சனத்துக்குப் பின்னால் நின்ற புனிதமலர் முன்னுக்கு வந்தாள்.

"நானும் குடிச்சுப் பாக்கிறன்."

"நீங்கள் பாக்கத் தேவையில்லை, தங்கச்சி."

"இல்லை. எல்லாரும் பாத்தவை. நானும் பாக்கத்தான் வேணும்."

மூன்றிலும் குடித்தாள். நடுப் பானையில் மட்டும் இரண்டாம் தரமும் குடித்தாள்.

"இதுதான் கசக்குது," என்றாள். "கொஞ்சமாத்தான். பொட்டு வைச்சதிலை ஒண்டுமில்லை."

(யோகநாதன் சொல்கிறார்: "அந்த நேரம் எனக்கு உள்ளங்கால் குளிர்ந்துபோச்சு, மாஸ்டர்." இதை நான் நம்புகிறேன்.)

அவர் உண்மையைச் சொன்னார். பொட்டு வைத்த பானையில் இருப்பது பள்ளிக்கூடத் தண்ணீர், உங்கள் பிள்ளைகள் நாளாந்தம் குடிக்கிற தண்ணீர் என்றார். அதோடு விட்டிருக்கலாம். "எங்கட கிணத்துத் தண்ணி நடுப்பானையிலை," என்றும் சொன்னார்.

"அதை ஏன் சொன்னனீங்கள்?" என்று நான் கேட்டேன்.

"உண்மைதானே."

வீரகத்திதான் முதலில் வாய் திறந்தார். கோபப்படவில்லை. புனிதமலரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்ப, உவவுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சது?"

6

இந்த இடத்தில் நான் நாலைந்து நாள் எழுதாமல் இருந்தேன்.

எல்லாரும் பிழையாகச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். கசப்பு ஒரு வதந்தி, நாக்கு ஒரு மடையன் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஒருத்தி சரியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவள் குருட்டாம்போக்கில் காட்டியிருக்கலாம். இருப்பதே மூன்று பானை. அவளுக்கு உண்மையாகவே கசந்திருக்கலாம். அல்லது எது கசக்க வேண்டும் என்று அவளுக்கு முன்பே

(எழுத மாட்டேன்.)

அதற்குப் பிறகு அவளை ஒருவரும் ஏசவில்லை, கை வைக்கவில்லை. அவள் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் ஏதாவதொரு வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்து நிற்கும். சும்மா நிற்கும். அவள் வாளியை இறக்கும் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அவள் பள்ளிக்கூடக் கிணற்றுக்குப் போகத் தொடங்கினாள். சில நாளில் அங்கேயும் ஆள் நின்றது.

ஒரு மத்தியானம் தவராசா வயலிலிருந்து வந்தார். அவள் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கி, வாயருகே கொண்டுபோய், குடிக்காமல் ஒருதரம் செம்புக்குள்ளே பார்த்தார்.

அவ்வளவுதான் நடந்தது. புனிதமலர் அவர் கையிலிருந்து செம்பை வாங்கினாள். அவர் முன்னாலேயே பாதியைக் குடித்தாள். மிச்சத்தை அவரிடம் நீட்டினாள். அவர் குடித்தார். சோறு போட்டாள், சாப்பிட்டார், வயலுக்குப் போனார். திரும்பி வந்தபோது வீட்டில் அவள் இல்லை. முல்லைத்தீவு வஸ்ஸில் ஏறிப் போயிருந்தாள்.

7

அவள் போனபிறகு கிணற்றை மெசின் வைத்து இறைத்தார்கள். அடியில் சருகு, ஓர் அலுமினியப் பேணி, ஒரு கைப்பிடி கறுத்த கொட்டை. எட்டிக்கொட்டை என்றார் வீரகத்தி. வவ்வால் சப்பிப் போட்ட வேறு ஏதோ பழத்தின் கொட்டை என்றார் யோகநாதன். எட்டிப் பழத்தையும் வவ்வால் தின்னும் என்று மூன்றாவது ஆள் ஒருவர் சொன்னார். வாதம் முடியமுன்னம் ஆரோ கொட்டைகளைச் சருகோடு சேர்த்து நெருப்பு வைத்துவிட்டார்கள். கிணற்றுக்குப் பலகை அடித்தார்கள்.

(நெருப்பு வைத்தது ஆர் என்று கேட்டேன். அதற்கும் ஆளில்லை.)

8

முல்லைத்தீவு ஆசுப்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஒருவர் எனக்குத் தெரிந்தவர். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் பானைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த இரண்டு பெண்களுக்கும் பிள்ளைகள் உண்டோ என்று கேட்டார்.

உண்டு. நாகேஸ்வரிக்கு ஒரு மகன். மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. புனிதமலருக்கு ஒரு மகள். இரண்டும் ஒரே பருவத்தில் பிறந்தவை.

"அப்ப கிணறு கசந்த நேரம் ரெண்டு பேரும் முழுகாமல் இருந்திருக்கினம்," என்றார். "முதல் மாதங்களிலை சிலபேருக்கு நாக்குக் கூராகிவிடும். மற்றவைக்குத் தெரியாத கசப்பு அவைக்குத் தெரியும்."

எனக்கு மேல் சிலிர்த்தது. நாகேஸ்வரி தான் கருத்தங்கியிருப்பதை ஒருவரிடமும் சொல்லியிருக்கமாட்டாள். இரண்டு தடவை சொல்லி இரண்டு தடவையும் ஊர் துக்கம் விசாரித்திருக்கிறது. புனிதமலருக்கு அப்போது தனக்கே தெரிந்திருக்காது. கொலனியில் கூர்மையான நாக்கு இரண்டே இரண்டு. ஒன்று குற்றம் சொன்னது. மற்றது குற்றம் சுமந்தது.

வீட்டுக்கு வந்து ஒரே இருப்பில் எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். மிக வடிவாகப் பொருந்தியது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

இந்த விளக்கம் புனிதமலரைக் காப்பாற்றும் என்று நினைத்திருந்தேன். காப்பாற்றவில்லை. இரண்டு பெண்களுக்கும் உண்மையாகவே கசந்தது என்றால், தண்ணீர் உண்மையாகவே கசந்திருக்கிறது. தண்ணீருக்குள் ஏதோ இருந்திருக்கிறது. வதந்தி என்று முடிந்த ஒன்றை நான் திரும்பவும் கிணறாக்கிவிட்டேன். வவ்வாலா, எட்டி மரத்து வேரா, ஓர் ஆளின் கையா?

9

ஒரு விசயம் தெரிந்தால் போதும் என்று பட்டது. பாலை மரத்துக்குக் கீழே மூன்று பானையையும் குடித்துவிட்டுப் பேசாமல் நின்ற அந்தக் கொஞ்சநேரத்தில் நாகேஸ்வரியின் நாக்கில் கசந்தது எந்தப் பானை? நடுப்பானைதான் கசந்தது, ஆனால் புருசன் காட்டிய பானையைக் காட்டினாள் என்றால், புனிதமலருக்கு ஒரு துணை கிடைக்கும். இரண்டு பேருக்கும் தெரிந்தது ஒருத்திக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்க முடியாது.

முதலில் இப்படி எழுதினேன்:

நாகேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எனக்கும் நடுப்பானைதான் கசந்தது, மாஸ்டர். இவர் முதல் சொல்லிப்போட்டார். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை எப்பிடி மாறிச் சொல்லுறது?"

நல்ல காட்சி. ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. கண்ணைத் துடைக்கவுமில்லை. நடந்தது இது.

நான் போனபோது வீரகத்தி வீட்டில் இல்லை. மகன் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். அவள் கதிரை எடுத்துப் போட்டுவிட்டுக் கதவடியில் நின்றாள்.

"அண்டைக்கு உங்களுக்குக் கசந்தது எந்தப் பானை?" என்று கேட்டேன்.

"இவர் சொன்ன பானையைத்தான் நானும் சொன்னனான்."

"சொன்னது சரி. கசந்தது?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"ஏன் மாஸ்டர், இப்ப அதைக் கேக்கிறியள்?"

"ஒரு கதை எழுதுறன்."

"கதையோ," என்றாள். "அப்ப நீங்களே ஒரு பானையைச் சொல்லுங்கோவன்."

உள்ளே போனாள். தேத்தண்ணி கொண்டுவருவாள் என்று இருந்தேன். கனநேரம் இருந்தேன். அவள் வரவில்லை. பையன் வந்து, "அம்மா படுத்திட்டா," என்றான்.

இதிலிருந்து உங்களுக்கு ஏதாவது நிச்சயமாகத் தெரிகிறதா? எனக்குத் தெரிந்தது போலத்தான் இருந்தது. சைக்கிளில் பாதித்தூரம் வந்தபிறகுதான் யோசித்தேன்: பிழை செய்தவளும் அப்படி உள்ளே போவாள். தொந்தரவுக்கு ஆளானவளும் அப்படித்தான் போவாள்.

10

கடைசியாகப் புனிதமலரைப் பார்க்க ஒரு சனிக்கிழமை முல்லைத்தீவுக்குப் போனேன். அவள் கொலனிக்குத் திரும்பவே இல்லை. கடலோரம் தமையன் இன்னாசித்தம்பியின் வளவில் ஒரு சிறிய வீடு. தவராசா காணியை விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சைக்கிளில் அரிசி கட்டிக்கொண்டு வந்து, ஞாயிறு பின்னேரம் திரும்பிப் போவார். நான் போனபோது அவர் வந்திருந்தார். புனிதமலர் மகளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

செம்புக் கதையை நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒரு எறும்பு கிடந்தது," என்றார் தவராசா.

"எறும்பு இல்லை," என்றாள் அவள்.

"கறுத்த எறும்பு. நான் கண்டனான்."

"முதல் பாதியை நான் குடிச்சனான். என்ரை வாயிலை ஒரு எறும்பும் வரேல்லை."

"அது என்ரை பாதியிலை கிடந்திருக்கும்."

"எறும்பு கிடந்தால் எடுத்துப்போட்டுக் குடிப்பியள். எறும்பைப் பாக்கிற பார்வை எனக்குத் தெரியாதே? நீங்கள் தண்ணியைப் பாத்தனீங்கள்."

"புனிதம், நான் எறும்பைத்தான் பாத்தனான்."

பலமுறை பேசிப் பேசிச் சூடு போன பேச்சு அது. சண்டை மாதிரிக்கூட இல்லை. இரண்டு பேரும் தாங்கள் கண்டதையே சொன்னார்கள். அவர் கண்டது எறும்பு, அவள் கண்டது ஒரு பார்வை. அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவர் இத்தனை வருசமாகச் சைக்கிள் மிதிக்கிறார்.

பேச்சை மாற்றுவதற்காக, நான் எழுதிவைத்திருந்த இரண்டு முடிவுகளையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

முதல் முடிவில், நாகேஸ்வரி மகனையும் கூட்டிக்கொண்டு வஸ்ஸில் முல்லைத்தீவுக்கு வருகிறாள். நடுப்பானைதான் என்று சொல்லுகிறாள். பிள்ளைகள் இரண்டும் மணலில் விளையாடுகின்றன.

"நாகேஸ்வரியக்கா வரமாட்டா," என்றாள் புனிதமலர். "வஸ்ஸிலை ஏறினால் அவவுக்குச் சத்தி வரும்."

இரண்டாம் முடிவில், தவராசா காணியை விட்டுவிட்டுக் கடலோரம் வந்து மறுபடி வள்ளம் கட்டுகிறார்.

"அது சரிவராது, மாஸ்டர்," என்றார் தவராசா. "விதைக்காமல் விட்டால் காணியைப் பறிச்சுப்போடுவினம்."

புனிதமலர் மகளின் தலைமயிரைப் பிரித்துப் பின்னத் தொடங்கினாள். பின்னிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டிலையும் என்னை நல்லவளா எழுதியிருக்கிறியள், என்ன?"

"ஓம்."

"நான் கிணத்துக்கை ஒண்டும் போடேல்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

இத்தனை பேரிடம் இத்தனை கேள்வி கேட்டவன், அதை ஒருநாளும் அவளிடம் கேட்கவில்லை. தேவை என்றே தோன்றவில்லை. கடற்கரையிலிருந்து வந்தவள், வேதக்காரி, பழி சுமந்தவள். கதை எழுதுகிறவனுக்கு அது போதுமாயிருந்தது.

"போட்டனீங்களோ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இல்லை எண்டு அண்டைக்கும் சொன்னனான். கேட்டவையிலை ஒருத்தரும் நம்பேல்லை. நீங்கள் கேக்காமலே நம்பியிருக்கிறியள். எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

அதை அவள் சிரித்துச் சொன்னாளா, சிரிக்காமல் சொன்னாளா என்று தெரியவில்லை. பிள்ளையின் தலைக்கு மேலே குனிந்திருந்தாள்.

அப்போது தவராசா அவளைப் பார்த்தார்.

எப்படிப் பார்த்தார் என்று எழுத வேண்டும். முதலில் 'சந்தேகத்தோடு' என்று எழுதினேன். வெட்டினேன். 'வெட்கத்தோடு' என்று எழுதினேன். 'ஆசையோடு' என்றும் ஒருதரம் எழுதிப் பார்த்தேன். மூன்றும் அந்த முகத்தில் இருந்தன என்று எழுதிவிட்டுத் தப்பிக்கொள்ளலாம். ஆனால் நான் கண்டது ஒரு முகம், ஒரு பார்வை. அது எனக்குக் கிட்டத்தில்தான் நடந்தது. நல்ல வெளிச்சம். என் கண்ணிலும் ஒரு குறையுமில்லை. இருந்தும் எந்தச் சொல் சரி என்று தெரியவில்லை; ஆகவே அந்தச் சொல்லுக்குரிய இடத்தை விட்டு எழுதுகிறேன்.

தவராசா தன் மனைவியை .................... பார்த்தார்.

நீங்கள் நிரப்புங்கள். என்ன சொல்லைப் போட்டீர்கள் என்று எனக்கு மட்டும் சொல்ல வேண்டாம். சொன்னால் நான் அதைத்தான் கண்டதாக நம்பிவிடுவேன்.